குழந்தையின் உச்சிக்குழி

மனித மண்டையோடு ஒரே எலும்பாலாகிய கலம் போலத் தோன்றினும், காதினுள் உள்ள சிற்றெலும்புகள் நீங்கலாக 22 எலும்புகளை உடையது. மூளையைச் சூழ்ந்தவை 8, முகத்துக்குரியவை 14. கீழ்த்தாடை ஒன்றே அசையும். ஏனையவை இரம்பப் பற்கள் கோத்தாற்போன்ற பொருத்துவாய்களால் இறுகியுள்ளன.

பிறந்த குழந்தையிடத்து இவ்விறுக்கம் இல்லை. ஆதலின் பிரசவத்தின்போது எலும்புகளின் ஓரங்கள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலை வெளிவர இடங்கொடுக்கின்றன. நெற்றியெலும்பின் இரு பாதிகளும் உச்சியின் பக்க எலும்புகளும் கூடுமிடத்தில், சவ்வினால் மூடப்பெற்ற சாய்சதுர இடைவெளியே உச்சிக்குழி. பிடரிப்பக்கத்துச் சிறுகுழி இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். உச்சிக்குழி மூடப் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டளவு செல்லும். அதில் நாடித் துடிப்புத் தெரிவது இயல்பே. தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை.

பேதியாகும் குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருப்பின், உடலில் நீர் குறைந்துள்ளது என்று ஐயுற வேண்டும். உச்சியில் எண்ணெய் வைத்தால் குழி எழும் என்பது வீண் நம்பிக்கை. இழந்த நீர் எண்ணெயால் திரும்பாது. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரே உதவும். 1971இல் மேற்கு வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு அதனைப் பருகத் தந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கிற்று. பருக இயலாது துவண்ட குழந்தையை மட்டும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக.

உச்சிக்குழி மூடிய பிள்ளைகளிடம், குழிவிழுந்த கண்களையும், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெல்லத் திரும்புவதையும் காண்க. அழும்போது உச்சிக்குழி புடைத்தல் இயல்பு. அமைதியாக இருக்கும்போதும் புடைத்து, காய்ச்சலும் இருப்பின் அது மூளைச்சவ்வின் அழற்சியாகலாம். அக்குழந்தையையும் அன்றே அனுப்ப வேண்டும்.