விரலை மறைக்காதீங்க!

போன ஆவணி மாதம். முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வந்த சமயம். பத்தொன்பது வயசுப் பையனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். "நாலு நாளா ராத்திரி தூங்கவே மாட்டேங்கான், ஐயா!" என்றார்.

நாடி பார்க்கக் கையைக் கேட்டேன். இடது கையை நீட்டினான். ஆண்களுக்கு வலது கையில் நாடி பார்ப்பதுதான் எங்கள் முறை. "அந்தக் கையைக் கொடுப்பா" என்றேன். தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ஆள்காட்டி விரல் நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ்! பெற்றவளுக்கே அப்போதுதான் தெரியும்.

கல்யாணச் சமையலில் எடுபிடியாகச் சேர்ந்து மூன்று வாரம். சின்ன வெங்காயம், பூண்டு உரிப்பது, தேங்காய் துருவுவது, அண்டா கழுவுவது என்று விடிய விடிய ஈரத்திலேயே கை. "மாஸ்டர் பார்த்தா நாளையிலேர்ந்து வராதேன்னுடுவாரு ஐயா" என்றான்.

நீங்களோ உங்கள் பிள்ளையோ ஓட்டலில், மெஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் இப்படிப் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். கொஞ்சம் கேளுங்கள்.

கை மணிக்கணக்கில் ஈரத்தில் இருந்தால் நகக்கண்ணை மூடிக் காக்கும் மெல்லிய தோல் ஊறிப் பிய்ந்துவிடும். கத்தி லேசாகக் கீறினாலும், மீன் முள் குத்தினாலும் போதும், கிருமி உள்ளே போய்விடும். அதுதான் நகச்சுத்து. வெறும் சிவப்பும் வலியுமாக இருக்கும்போதே, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கால் மணி நேரம், தினம் மூன்று நான்கு தடவை விரலை வைத்திருந்து, பிறகு ஈரமில்லாமல் துடைத்தால் பலருக்கு அடங்கிவிடும். எலுமிச்சம்பழத்தை விரலில் மாட்டிக்கொண்டு திரிவதால் சீழ் வெளியே வராது. இவனும் இரண்டு பழம் மாட்டிப் பார்த்தவன்தான்!

சீழ் கோத்துவிட்டதா? கீறி வெளியேற்றத்தான் வேண்டும். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 'சித்த வைத்தியர் இங்கிலீஷ் வைத்தியத்துக்கு அனுப்புகிறாரே' என்று நினைக்காதீர்கள். அறுவை எங்கள் முறையிலும் சொல்லப்பட்டதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெந்நீர் வைத்தியத்தில் ஒரு நாளைக்கூடக் கடத்தக் கூடாது.

விரலோடு போகிற விஷயமில்லை இது. சீழில் பெரும்பாலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, அந்தக் கை பட்ட தேங்காய்ச் சட்னியிலோ உருளைக்கிழங்கு மசாலாவிலோ இறங்கி, அது சில மணி நேரம் வெளியே இருந்தால் பெருகி விஷம் உண்டாக்கிவிடும். திரும்பச் சூடு பண்ணினால் கிருமி சாகலாம், விஷம் சாகாது! சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு. பந்தியில் குழந்தைகளும் வயசானவர்களும் இருப்பார்களே?

சின்னக் கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, மேலே கையுறை போட்டுக்கொள்ளலாம். சீழ் வைத்த கை சாப்பாட்டுப் பக்கமே போகக் கூடாது. முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. புண் இருக்கிறது என்று சொல்கிறவனை விரட்டினால், அடுத்தவன் மறைப்பான். மளிகை சரிபார்க்க, சாமான் கணக்கு எழுத என்று வேறு வேலை கொடுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள், உணவைக் கையாள்கிறவர்களுக்கு வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. எத்தனை சமையற்கட்டில் நடக்கிறது?

கை மட்டுமில்லை, ஈரத் தரையில் நிற்கிற காலையும் கவனியுங்கள். ரப்பர் செருப்பு போடுங்கள். வேலை முடிந்ததும் விரலிடுக்கை ஒட்டத் துடையுங்கள்.

பையனின் அம்மா மாஸ்டரிடம் நேரிலேயே பேசிவிட்டார். விரல் ஆறும்வரை அவன் இலைக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மறுவாரம் அந்த மாஸ்டரே என்னிடம் வந்தார். இரண்டு கால் விரலிடுக்கிலும் சேற்றுப்புண்.

"எத்தனை நாளா இருக்கு?" என்றேன்.

"அது ஆச்சு ஐயா, ரெண்டு வருஷம்... யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.