முதலிடம் யாருக்கு?

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து, பந்தைக் கையிலேந்தி ஓடும் முரட்டு ஆட்டம். அதன் முதல் பிரிவில் 130-க்கு மேற்பட்ட அணிகள் உள்ளன. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோத 8,000 ஆட்டங்களுக்கு மேல் வேண்டும். ஓர் அணி ஆடுவதோ பருவத்துக்குச் சுமார் 12. பின், தேசிய வெற்றியாளரை எப்படி அறிவது?

1936 முதல் செய்தியாளர்களும், 1950 முதல் பயிற்சியாளர்களும் வாக்களித்தனர். 1997-இல் முன்னவர் மிச்சிகனையும் பின்னவர் நெப்ராஸ்காவையும் முதலிடத்தில் வைத்தனர்! 1998 முதல் வாக்குகளோடு கணிப்பொறிக் கணக்கும் சேர்ந்து, இறுதியாட்டத்துக்கு இரு அணிகளைத் தேர்ந்தெடுத்தது.

சிக்கல் தீர்ந்ததா? 2008-இல் டெக்சஸ் ஓக்லஹோமாவை வென்றது. ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை வென்றது. டெக்சஸ் டெக்கோ டெக்சஸை வென்றது! அப்பருவத்தின் 12 ஆட்டங்களில் மூன்றுக்கும் தலா ஒரே தோல்வி. தராசில் மூன்று கற்களை நிறுத்துப் பாருங்கள்; இப்படி ஒருபோதும் நேராது. எடை பொருளின் பண்பு. வெற்றி இருவர் மோதலின் விளைவு. எனவே எந்தக் கணக்கும் நாம் வகுத்த விதியையே விடையாகத் தரும். அன்று ஓக்லஹோமா இறுதியாட்டத்துக்குச் சென்றது. டெக்சஸ் வெளியே நின்றது.

2014 முதல் நான்கு, 2024 முதல் 12 அணிகள் மோதி முடிவு காண்கின்றன. ஆயினும் அணிகளை வரிசைப்படுத்துவது ஒரு குழுவே. 'முதலிடம்' என்று யாரேனும் சொன்னால், எந்த அளவுகோலால் என்று கேளுங்கள்.