ஜிபிஎஸ்-ல வேகம் 60... ஆனாலும் ரிமோட் விமானம் விழுவது ஏன்?

ஆடி மாதம். தேவாரத்தில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வீசுகிறது. அந்தக் காற்றில் ஒருவர் ரிமோட் விமானம் பறக்கவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையை விட்டுத் திரும்பி, காற்றோடு பறக்கும்போது திரையில் ஜிபிஎஸ் வேகம் எகிறுகிறது. 'ரொம்ப வேகமா போகுதே' என்று த்ராட்டிலைக் குறைக்கிறார். வேகம் 60 கி.மீ. எனக் காட்டும்போதே மூக்கு சரிந்து விமானம் விழுகிறது.

'60-ல தானே போச்சு, ஏன் விழுந்துச்சு?'

எந்த வேகம் முக்கியம்?

ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதோ இறக்கை மீது ஓடும் காற்று. பின்னாலிருந்து 25 கி.மீ. காற்று அடித்தால், 60-ல் மிஞ்சுவது 35 தான். அந்த விமானம் மிதக்க 40 தேவை என்றால், கதை முடிந்தது.

எப்படி அளப்பது?

இதற்குத்தான் பிட்டோ குழாய். 1732-ல் சேன் நதியின் நீரோட்டத்தை அளக்க, பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி பிட்டோ கையாண்ட அதே தத்துவம். முன்துளையில் மோதும் காற்றின் அழுத்தத்துக்கும், பக்கத் துளையில் உள்ள சாதாரண அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை சென்சார் வேகமாக மாற்றும்.

அந்த வித்தியாசம் மிகச் சிறியது. 54 கி.மீ. வேகத்தில் சுமார் 135 பாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதனால் கருவியை ஆன் செய்யும்போது குழாய்க்குள் காற்று புகாமல் லேசாக மூட வேண்டும். அப்போதுதான் பூஜ்ஜியம் சரியாகப் பதிவாகும். துளையில் பூச்சியோ மழைத்துளியோ அடைத்தாலும் கணக்கு தப்பும். 2009-ல் ஏர் பிரான்ஸ் 447 விபத்தில் 228 பேர் இறந்தனர். அந்த விபத்தின் தொடக்கமே, பனிக்கட்டி அடைத்த பிட்டோ குழாய்கள் தந்த தவறான வேகம்தான்.

பொழுதுபோக்கு மட்டுமா?

இல்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவில், தொலைவிலிருந்து ஆளில்லா விமானத்தில் இரத்த மாதிரியை எடுத்துவரும் போட்டியில், சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் அப்போது அதன் ஆலோசகராக இருந்தார். இப்படிப்பட்ட பயணத்தில் எதிர்க்காற்று எவ்வளவு என்று தெரியாவிட்டால், திரும்பி வர பேட்டரி தாங்குமா என்று கணக்குப் போட முடியாது.

பிட்டோ இல்லையா?

ஒரே உயரம், ஒரே த்ராட்டில். காற்றை எதிர்த்து ஒருமுறை, காற்றோடு ஒருமுறை நேராகப் பறக்கவிடுங்கள். ஜிபிஎஸ் 35, 85 எனக் காட்டினால், சராசரியான 60 தான் இறக்கை உணரும் வேகம். வித்தியாசத்தில் பாதி, அதாவது 25, அன்றைய காற்று. அது தெரிந்துவிட்டால், அடுத்த முறை த்ராட்டிலில் கை வைக்கும் முன் யோசிப்பீர்கள்.