தொல்நிலை ஈக்கள் கண்டங்கள் கடந்து வாழ்வது ஏன்?

இருசிறகிகள் எனப்படும் ஈக்குலத்தில் தொன்மையான உடற்கூறுகளைத் தாங்கிய நிம்போமையிடே குடும்பத்தின் முதல் இனத்தை 1932-இல் யப்பானிலிருந்து பூச்சியியலாளர் தொகுனாகா விவரித்தார். 1965-இல் கனடாவிலிருந்தும் 1970-இல் இந்தியாவிலிருந்தும் மேலும் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. வாயுறுப்புகள் குன்றியதால் உணவே கொள்ளாத இச்சிற்றீக்கள், இடையில் பெருங்கடல் கிடக்க, ஆசியாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் வாழ்வது எப்படி? ஐரோப்பாவின் பால்டிக் அம்பரில், அதாவது கல்லாக இறுகிய தொல்மரப் பிசினில், இவற்றின் புதைபடிவங்கள் கிடைத்திருப்பதால், வடகண்டங்கள் தரைவழி இணைந்திருந்த காலத்தில் பரந்து வாழ்ந்த குலம் பின்னர் ஐரோப்பாவில் அற்றுப்போயிற்று எனக் கருதலாம். குடம்பிகள், அதாவது இளம்புழுக்கள், ஓடைக் கற்களின் பாசியில் வளர்வதால், மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிடும், வற்றாத ஆறில்லாத, யாழ்ப்பாணத்துக் கோப்பாய் போன்ற ஊர்கள் இவற்றுக்கு வாழிடமாகா.