சிரிக்க வைத்த வைத்தியர்



மருத்துவர் என்றால் வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், முகத்தில் சற்றுக் கண்டிப்பு என்றே நாம் பழகியிருக்கிறோம். அவர் மேடையேறி வேடிக்கை பேசினால், "இவரை நம்பி எப்படி உடம்பைக் காட்டுவது?" என்று கேட்போம். இங்கிலாந்தில் அப்படி ஒருவர் உண்டு. அவர் பெயர் டாக்டர் பில் ஹாமண்ட். நம்முடைய மருத்துவமனையும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அவர் வாழ்க்கையில் இருப்பதால், இம்மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1987 இல் மருத்துவப் படிப்பை முடித்தவர் அவர். 1990 இல் டோனி கார்ட்னர் என்னும் சக மருத்துவரோடு சேர்ந்து நகைச்சுவை மேடைகளில் ஏறினார். மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயர் அடிக்கப்படுவதையே கேலி செய்யும் ஒரு பெயரைத் தங்கள் ஜோடிக்குச் சூட்டிக்கொண்டார்கள். அக்காலத்தில் அங்கே இளம் மருத்துவர்கள் வாரத்திற்கு 80 மணி நேரத்திற்கும் மேல் உழைத்தார்கள். தூக்கம் இல்லாத கண்களோடு ஒருவர் ஊசி போடுகிறார் என்று மனுவில் எழுதினால் படிப்பார் இல்லை. மேடையில் சொன்னபோது ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, அந்த ஊசிக்குக் கை நீட்டுகிறவர்கள் தாங்கள்தான் என்று யோசித்தார்கள். மேடையிலிருந்து வானொலிக்கும், 1996 முதல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு மருத்துவ நிகழ்ச்சிக்கும் அவர் சென்றார். நோயாளியைப் பார்க்கும் பணியையும் விட்டுவிடவில்லை.

1992 இல் 'பிரைவேட் ஐ' என்னும் நையாண்டிப் பத்திரிகையில் 'எம்.டி.' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே, பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்குச் செய்யப்படும் இருதய அறுவை சிகிச்சையில் மரணங்கள் அதிகம் என்று அவர் எழுதினார். அங்கே 1988 இல் பணிக்கு வந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின், முடிவுகளைக் கணக்கெடுத்துத் தம் கவலையை மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். செவிகொடுப்பார் அதிகம் இல்லை. அவர் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

பத்திரிகையில் வந்ததும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பொது விசாரணை ஏற்பட 1998 ஆயிற்று. பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் நடந்த அந்த விசாரணையில் ஹாமண்டும் சாட்சி சொன்னார். 2001 ஜூலையில் அறிக்கை வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக அங்கே மரித்தார்கள் என்று அது கூறிற்று. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாயின் மடியிலிருந்து போன பிள்ளை. அதன் பிறகே, இருதய அறுவை சிகிச்சையின் முடிவுகளை ஜனங்கள் அறியும்படி வெளியிடும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது.

தாவீது ராஜா பாவம் செய்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். காவல் போட்டிருந்த இருதயத்திற்குள் கதை நுழைந்துவிட்டது. நல்ல நகைச்சுவையும் அவ்விதமே வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. படுக்கையில் கிடக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது பாவம். அவருடைய இரகசியத்தை மேடைக்குக் கொண்டுபோவது துரோகம். அதிகாரத்தின் பெருமையையும் நம்முடைய சொந்தப் பெருமையையும் பார்த்துச் சிரிக்கலாம்.

என் மனதை உறுத்தும் ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த வேறோர் இடத்தில், இளம் நர்ஸ் ஒருத்தி ஜெப அறைக்கு வந்து, "ஐயா, எங்க வார்டுல காயங்கள் அடிக்கடி சீழ் பிடிக்குது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்று அழுதாள். நான் அவளுக்காக ஜெபித்து, சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஜெபித்தது சரியே. ஜெபித்த பின் எழுந்து அவளோடுகூட மேற்பார்வையாளரிடம் நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. மிஷன் மருத்துவமனைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதே என்று அஞ்சினேன். ஆண்டவருடைய நாமத்தைக் காக்கிறோம் என்று எண்ணி, சில வேளைகளில் நம்முடைய பெயரைத்தான் காக்கிறோம்.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால் கட்டில்களும் கருவிகளும் வருகின்றன; அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். அத்தோடு எங்களிடம் கேள்வியும் கேளுங்கள். எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்று கேட்பதுபோல, எத்தனை பேர் குணமடையவில்லை, ஏன் என்றும் கேளுங்கள். கடைநிலை ஊழியரும் பயமின்றி உண்மை பேசவும், பெரியவர்கள் கோபமின்றிக் கேட்கவும், களைத்துப்போன எங்கள் மருத்துவர்கள் சிரிக்க மறவாதிருக்கவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனைக் குருவானவர்