34 நாள் என்றார்கள், 55 நாள் ஆனது

செய்முறைத் தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டல் அறைகளில் விளக்கு அணையாது. செமஸ்டர் முழுக்கச் சேர்ந்த ரெக்கார்டு வேலையை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சோம்பேறி என்று திட்டுவது சுலபம். பலருக்கும் கோளாறு நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

கனடாவில் ரோஜர் ப்யூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வேட்டை முடிக்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

ஆகவே முதல் பயிற்சி, கணக்கு எழுதுவது. ஓர் அசைன்மென்டைத் தொடங்கும்முன் ‘2 மணி நேரம்’ என்று குறித்துவிட்டு, முடித்ததும் பக்கத்திலேயே உண்மையில் ஆன நேரத்தையும் எழுத வேண்டும். இரண்டு என்று நினைத்தது நான்காகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டால், அடுத்த திட்டத்தை அதற்கேற்பப் போடலாம்.

அடுத்தது, இடமும் வேளையும். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் நடத்திய ஆய்வில், விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னபடி முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒருவர்தான். ‘நாளைக்குப் படிக்கணும்’ என்பதைவிட ‘சாயங்காலம் 5 மணிக்கு லைப்ரரியில் இரண்டாவது யூனிட்’ என்பது பலன் தரும்.

உட்கார்ந்தும் மனம் ஓடவில்லையா? இத்தாலியின் பிரான்செஸ்கோ சிரில்லோவுக்கும் 1980-களின் கடைசியில், கல்லூரி நாட்களில் அதே அவதிதான். தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை முறுக்கி வைத்துப் படித்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்னும் ‘பொமோடோரோ’ முறை அதிலிருந்து பிறந்தது. இத்தாலிய மொழியில் தக்காளி என்று அர்த்தம்.

எல்லாச் சுமையையும் மாணவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே பாடத்தின் இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டு 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்று கட்டுரைகளுக்கும் சம இடைவெளியில் கெடு வைத்த வகுப்பு, கெடுவைத் தாங்களே தீர்மானித்துக்கொண்ட வகுப்பைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றது.

நம் கல்லூரிகளிலும் இதைச் செய்யலாம். புராஜெக்ட் முழுவதையும் கடைசி வாரத்தில் வாங்காமல், தலைப்பு, முதல் அத்தியாயம், தரவு, வரைவு என்று தனித்தனித் தேதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்கலாம். பின்தங்கும் மாணவர் யார் என்பது மூன்றாவது வாரத்திலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். கூப்பிட்டுப் பேச அப்போது நேரமும் இருக்கும்.