போட்டோ நம்முடையது, சர்வர் யாருடையது?

2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்ன மகனுக்கு அந்தரங்க உறுப்பில் வீக்கம் கண்டதை டாக்டருக்குக் காட்டுவதற்காக ஆண்ட்ராய்டு போனில் படம் எடுத்தார். கொரோனா காலம் என்பதால் வீடியோவில்தான் மருத்துவ ஆலோசனை. படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னதும் மருத்துவத் தரப்புதான். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், குழந்தைக்குச் சரியாகிவிட்டது. இரண்டே நாளில் தந்தையின் கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. போன் தானாகவே கூகுள் சர்வரில் ஏற்றிவைத்த அந்தப் படத்தை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைத் தேடும் மென்பொருள் குற்றமாகக் கணித்திருந்தது. போலீஸ் விசாரித்துவிட்டு, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று கோப்பை மூடியது. கணக்கு மட்டும் திரும்பி வரவேயில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கதையை வெளியிட்டது.

இப்படித் தேடும் மென்பொருளே கூடாது என்று சொல்ல முடியாது. அது செய்வது தேவையான வேலை. போலீஸே நிரபராதி என்று சொன்ன பிறகும் முறையிட ஒரு கதவு திறக்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது. அவருடைய மின்னஞ்சல், மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தொடர்பு எண்கள், மொபைல் இணைப்புகூட அதே நிறுவனத்தில், அதே ஒரு கணக்கில் இருந்தன. ஒன்று போனபோது எல்லாமே போனது.

இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும் இந்த வகைச் சம்பவங்கள் புதிதல்ல. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்று தெரிந்ததும், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை அவர்களுடைய கிண்டில் கருவிகளுக்குள் புகுந்து அழித்தது அமேசான். பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2015இல் ‘எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள், இலவசம்’ என்று வந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி என்று வரம்பு போட்டது. அதில்தான் ஜிமெயிலும் அடங்கும். ஒரு போட்டோவுக்கு 4 எம்பி என்று வைத்தால் மொத்தமே 3,750 படங்கள். ஒரு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் முடிந்தால் தீர்ந்துபோகும் கணக்கு இது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியின் மின்னஞ்சலையும் மற்ற சேவைகளையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்றால், சாமானியர் எங்கே போவார்?

நயாரா விவகாரத்தையடுத்து உள்நாட்டு நிறுவனங்களுக்கு மாறும் பேச்சு சூடுபிடித்தது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. நாட்டின் கணக்கில் அது லாபமாக இருக்கலாம். தனி மனிதரின் கணக்கில், சர்வர் இன்னும் அடுத்தவருடையதுதான்.

தன்னுடையதாகவே ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்டதன் விளைவுதான் செல்ஃப் ஹோஸ்டிங். கூகுள், ஆப்பிள் போன்றவர்கள் தொலைவில் எங்கோ ஓட்டும் சேவைகளை, நம் வீட்டிலேயே ஒரு சிறிய கம்ப்யூட்டரில் நாமே ஓட்டுவது. அதற்கான மென்பொருள்களில் பெரும்பாலானவை கட்டற்ற மென்பொருள்கள்: இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கும். கோப்புகளுக்கும் காலண்டருக்கும் நெக்ஸ்ட்கிளவுட். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் கார்லிச்செக், தான் தொடங்கிய ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து 2016இல் உருவாக்கியது. சினிமாவுக்கும் பாட்டுக்கும் ஜெல்லிஃபின். வீட்டு விளக்கு, ஏசி போன்றவற்றுக்கு ஹோம் அசிஸ்டென்ட். இவற்றில் ஜெல்லிஃபின் பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்தவர்கள் செய்ததுதான் ஜெல்லிஃபின். நிரல் திறந்திருந்ததால்தான் பிரிய முடிந்தது.

குடும்பங்களுக்குப் பயன்படுவதில் முதலிடம் போட்டோவுக்குத்தான். 2022இல் தொடங்கி, 2025 அக்டோபரில் நிலையான பதிப்பாக வெளிவந்த இம்மிச், பார்ப்பதற்கு கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும். போனில் அதன் ஆப்பைப் போட்டால் எடுக்கும் படங்கள் தானாக வீட்டு சர்வருக்குப் போய்விடும். பாட்டியின் முகத்தை ஒருமுறை பெயரிட்டுக் காட்டினால், அவர் இருக்கும் படங்களையெல்லாம் திரட்டித் தரும். அந்த முக அடையாளக் கணக்கு முழுவதும் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

எந்தப் பெட்டி, எவ்வளவு கரண்ட்?

2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்ப்பெரி பை பலரை இந்தப் பக்கம் இழுத்தது. ஆனால் போட்டோ சேவை போன்ற கனமான வேலைக்கு, அலுவலகங்களில் கழித்துக்கட்டிய மினி கம்ப்யூட்டர்தான் பொருத்தம். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், சத்தமும் குறைவு.

பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பையே போட்டுவிடலாமே என்று தோன்றும். கரண்ட் பில்லைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 10 வாட் இழுக்கும் மினி கம்ப்யூட்டர் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். 70 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 100.8 யூனிட். அதாவது, வீடுகளுக்குத் தமிழக அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அது ஒன்றே குடித்துவிடும். ஏற்கெனவே 500 யூனிட் வரம்பை ஒட்டி ஓடும் வீடு என்றால் அடுத்த கட்டணப் பிரிவுக்குத் தள்ளிவிடும். பில்லைப் பார்த்து வீட்டில் வரும் கேள்விக்குப் பதில் இருக்காது.

கரண்ட் திடீரென்று போவது இன்னொரு தொல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகள் சிதையலாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும் மாறும் அந்த ஒரு கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். ஆகவே சிறிய யுபிஎஸ் ஒன்று அவசியம். ரவுட்டரையும் அதில் சேர்க்காவிட்டால், மின்தடையின்போது சர்வர் உயிரோடு இருந்தும் வெளியிலிருந்து தொட முடியாது.

வெளியிலிருந்து எப்படி வருவது?

புதிதாக இறங்குபவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான். வீட்டுக்குள் எல்லாம் நன்றாக ஓடும். ஆபீஸிலிருந்து திறந்தால் வராது.

காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் இருப்பவை ஏறத்தாழ 430 கோடி எண்கள் மட்டுமே. பகிர்ந்தளிக்க வைத்திருந்த கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஏராளமான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைத் தருகின்றன. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே கதவு எண் இருப்பது போலத்தான். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து வரும் கடிதம் எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. கூடுதல் பணம் கட்டினால் தனி முகவரி தரும் நிறுவனங்கள் உண்டு. புதிய முறையான ஐபிவி6இல் இந்தப் பஞ்சம் இல்லை. அதன் பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் நாம் போய் உட்காரும் ஆபீஸிலும் அது இருந்தால்தான் பயன்.

பெரும்பாலோர் எடுக்கும் வழி விபிஎன். வீட்டுப் பெட்டிக்கும் நம் போனுக்கும் நடுவே வேறு யாரும் நுழைய முடியாத ஒரு சுரங்கப் பாதை. 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு இதற்கு அடித்தளம். அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல், முகவரிச் சிக்கலையும் சேர்த்துத் தீர்த்துவைக்கிறது. ஆப்பைப் போட்டு லாகின் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் அதுவும் ஒரு கம்பெனி நடத்தும் சேவைதான். கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வழியாகத் தங்கள் சர்வரை வெளியே காட்டுபவர்களும் உண்டு. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் மணிக்கணக்கில் தடுமாறியபோது, வீட்டு அலமாரியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையும் வெளியிலிருந்து தொட முடியாமல் போகும் என்பது தெரிந்தது. முழுச் சுதந்திரம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து சர்வரை நேரடியாக இணையத்தில் வைக்கும் வழியும் இருக்கிறது. தெரிந்தவர்கள் செய்யலாம்; மற்றவர்கள் வேண்டாம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ என்ற வீட்டு டிஸ்க் வைத்திருந்த பலர், ஒரு நாள் காலை திறந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது. நிறுவனம் 2015இலேயே அந்த மாடலுக்கு அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தது. ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார்கள்.

இதைவிடப் பெரிய பாடம் லாஸ்ட்பாஸ் கதை. லட்சக்கணக்கானோரின் பாஸ்வேர்டுகளைக் காக்கும் அந்த நிறுவனத்தில் 2022இல் நடந்த திருட்டு, ஒரு பொறியாளரின் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. அதில் சினிமா பார்க்க அவர் போட்டிருந்த பிளெக்ஸ் மென்பொருள் பழைய பதிப்பு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020 மே மாதமே வந்துவிட்டது, அவர் போடவில்லை. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு நேர்ந்தது இது. வீட்டு சர்வர் வைப்பவர் ஒரு நாள் கூத்தாக நிறுவிவிட்டு மறக்க முடியாது. மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து அப்டேட் போட வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் கூகுளுக்கு மாதக் கட்டணம் கட்டுவதே நல்லது. இதைச் சொல்வதால் இந்த வட்டாரத்தில் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

இன்னொரு பிரதி எங்கே?

படங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன என்பதற்காகப் பத்திரமாகிவிட்டன என்று அர்த்தமில்லை. இம்மிச் தன் வழிகாட்டியிலேயே, படங்களை வைக்க என்னை மட்டும் நம்பாதீர்கள் என்ற பொருளில் எச்சரிக்கிறது. புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இங்கே வேதம்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்; தரைத்தளத்தில் சர்வரும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மதுரையில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு டிஸ்கை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்துக்கொள்வது போதுமான ஏற்பாடு. அவசரமாகத் தேவைப்படும் வரை திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்ல. ஒரு படத்தையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

அரசுகளே இதில் கோட்டைவிடுகின்றன. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அதிகாரிகள் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் எரிந்துபோனது. வேறு இடத்தில் பிரதி இல்லை.

இன்னொரு பிரதி ஆட்களிலும் தேவை. நம் வீடுகளில் சர்வரை அமைப்பது பெரும்பாலும் மகனோ மகளோதான். அவர்கள் வேலை கிடைத்து பெங்களூருக்கோ டொராண்டோவுக்கோ போய்விடுவார்கள். ஒரு நாள் பெட்டி நின்றுபோனால் அம்மாவுக்குப் பேரன் படமும் நின்றுபோகும். எந்த டிஸ்கில் எது இருக்கிறது, எந்த ஒயரைப் பிடுங்கி எங்கே செருக வேண்டும், பாஸ்வேர்டு எந்த டைரியில் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும். படங்கள் சாதாரண ஜேபெக் கோப்புகளாக, வருடம் மாதம் வாரியாக இருந்தால், தனி மென்பொருள் எதுவும் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். தமிழில் படித்துக் கற்க விரும்புவோருக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் ‘கணியம்’ இதழ் நல்ல துணை.

சர்வர் வாங்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கூகுளின் ‘டேக்அவுட்’ வசதியில் கேட்டால், நம் படங்களையும் அஞ்சலையும் மொத்தமாகக் கட்டித் தருவார்கள். அதை இறக்கி ஒரு டிஸ்கில் போட்டு வைத்தாலே, சான் பிரான்சிஸ்கோ தந்தையின் இழப்பில் பெரும்பகுதி நமக்கு நேராது.

மின்னஞ்சலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர முயல வேண்டாம். வீட்டு இணைப்புகளிலிருந்து அஞ்சல் அனுப்பும் வாசலைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும் வீட்டு முகவரிகளிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் போன்றவை ஸ்பாமில் தள்ளும். அதற்குப் பதில், வருடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டி சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கி, அதில் முகவரி அமைத்துக்கொண்டு, அஞ்சல் சேவையை ஏதாவது ஒரு நிறுவனத்திடம் விட்டுவிடலாம். அந்த நிறுவனம் நாளை கதவை மூடினால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். முகவரி மாறாது, வங்கியிலோ ஆதாரிலோ எதையும் திருத்த வேண்டாம். டொமைனைப் புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டால் மட்டும் ஆபத்து: வேறு யாராவது அதை வாங்கினால், உங்களுக்கு வரவேண்டிய பாஸ்வேர்டு மாற்றும் கடிதங்கள் அவர் கைக்குப் போகும். பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டும் வசதி இருக்கிறது.